ஆறாவது கமரா

வெட்பாலைக்குளத்து வான்கதவுச் சுவரில்
ஒரு வெடிப்பு.
மாரிக்கு முன் அது எவ்வளவு நகர்கிறதென்று
அரை மில்லிமீற்றருக்குள் சொல்லவேண்டும்.
சுவரெங்கும் நாற்பது வெள்ளைப் பொட்டு ஒட்டினோம்.
கையில் ஆறு கமரா.
எங்கே நிறுத்துவது?

கேள்வியை லப்டொப்பிடம் கொடுத்தேன்.
அது எண்பது பேரைப் பெற்றது.
ஒவ்வொருவரும் ஆறு நிலை, ஆறு பார்வை.
முதல் பிள்ளைகள் முழு மொக்கு:
ஒன்று தண்ணீருக்குள் நின்று வானத்தைப் பார்த்தது,
ஒன்று மருதமரத்துக்குள் முகம் புதைத்தது,
ஒன்றில் ஆறு கமராவும் ஒட்டிக்கொண்டு
கலியாணப் படத்துக்கு நிற்பதுபோல.

பிழை குறைந்தவை சோடி சேரும்.
இதன் இடக்கரை, அதன் வலக்கரை.
எப்போதாவது ஒரு எண் காரணமில்லாமல் தடுமாறும்;
அப்படியொரு தடுமாற்றத்தில்தான்
பதினாலாம் பொட்டு முதல்முறை தெரிந்தது.

மிச்சம் அழியும்.
நிரலில் அந்த வரிக்கு மேலே
'தக்கது பிழைக்கும்' என்று குறிப்பு எழுதியிருந்தேன்.
மாங்குளத்துக்கும் ஒட்டுசுட்டானுக்கும் நடுவில் இருந்துகொண்டு
அதை வாசிக்க முடியவில்லை.
அழித்துவிட்டு
'கோணம் நல்லது மிஞ்சும்' என்று மாற்றினேன்.
கணக்கு மாறவில்லை.

இருநூற்றுப் பன்னிரண்டாம் தலைமுறை.
தேத்தண்ணி வாங்கப் போன யூட் வந்துவிட்டான்.
ஐந்து கமரா அணைக்கட்டில் ஒழுங்காக நிற்க
ஆறாவது மட்டும்,
எத்தனை தரம் ஓடவிட்டாலும்,
கேதாரநாதரின் கச்சான் தோட்டத்துக்குள் போய் நிற்கிறது.
வேலிக்கு இங்கால் இழுத்தால்
பார்வைக்கோடுகள் ஊசியாய் ஒட்டிக்கொள்ளும்,
ஆழம் கலங்கும்,
பிழை இரட்டிக்கும்.

போய்க் கேட்டோம்.
வெயிலுக்குள் நின்று நான் பரிணாமம் விளக்க
அவர் மண்வெட்டியைச் சாத்திவிட்டு
வெடிப்பைக் கண்ணால் ஒரு தரம் பார்த்தார்.

"குளம் உடைச்சால் முதல் போறது என்ர கச்சான்.
அது எனக்குத் தெரியும்.
உங்கட பெட்டிக்கு எப்பிடித் தெரிஞ்சது?"

அதுக்குத் தெரியாது ஐயா.
தண்ணி தெரியாது, தோட்டம் தெரியாது.
இரண்டு கோடு வெட்டிக்கொள்ளும்போது
தொண்ணூறு பாகைக்குக் கிட்ட வந்தால் அதுக்குச் சந்தோசம்.

"அந்த வரிசை முளைச்சிட்டுது, மிதிக்காதேங்கோ.
இஞ்சை நடுங்கோ."
அவர் காட்டியது ஒரு முழம் தள்ளி.

கட்டில் குந்தியிருந்து அந்த எண்ணைத் திருத்தினேன்.
தசம் நாலு ஒன்று, தசம் நாலு மூன்று ஆனது.
அரைக்குள்தான்.

"அக்கா, இந்த ஒரு முழத்தை
தடுமாற்றம் எண்டு பதியவா, தண்டம் எண்டு பதியவா?"

கச்சான் எண்டு போடடா.