ஆயிரம் வாட் என்று எழுதியிருந்தது

கொருக்குப்பேட்டையில் ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம்,
டிரான்ஸ்பார்மரில் கிளம்பிய கம்பி
களைத்துப்போய் வந்து நிற்கும் கடைசிக் கம்பம்.
அதில் தொங்குகிறது எங்கள் ஒன்பது குடித்தனம்.

மாலை ஏழே கால்.
டெல்பின் பிள்ளை பெற்ற பதினோராம் நாள்.
சுவிட்சை அணைத்துவிட்டு பக்கெட்டில் விரலை விட்டாள்.
வெதுவெதுப்புகூட இல்லை.
"டுபாக்கூர் ராடுக்கா இது.
எம்.சி. ரோட்டுல ஒருத்தன் தலைல கட்டிட்டான்.
தோ, போய்க் கேட்டுட்டு வரேன்."
எபிநேசர் சட்டை மாட்டிக்கொண்டிருந்தான்.

ஷிப்ட் முடிந்து வந்தவள், பையை இன்னும் இறக்கவில்லை.
கிளாம்ப் மீட்டர் அதில்தான் இருந்தது.
எடுத்ததும் அவன் பிடுங்கி
முழு ஒயரையும் கவ்வவிட்டான்.
பூஜ்யம்.
"பாத்தியா, கரண்ட்டே போவல!"

போகிற கம்பியையும் திரும்புகிற கம்பியையும்
சேர்த்துப் பிடித்தால் மீட்டருக்கு ஒன்றும் தெரியாதுடா,
உன் சம்பளமும் தண்டல்காரன் நோட்டும் மாதிரி.
டெல்பின் சிரித்தாள்,
தையலைக் கையால் அழுத்திக்கொண்டு.

ஒற்றைக் கம்பியைப் பிரித்துப் பிடித்தேன். மூன்றரை ஆம்பியர்.
பிளக்கில் வோல்ட், நூற்று எண்பத்து நான்கு.

எழுதக் கிடைத்தது குழந்தையின் தடுப்பூசி அட்டை.
முன்பக்கம் எடை, இரண்டு கிலோ எழுநூறு.
பின்பக்கம் நான்:
நூற்று எண்பத்து நான்கை மூன்றரையால் வகுக்க
ஐம்பத்திரண்டரை ஓம்.
ராடின் கழுத்தில் அச்சடித்ததை நம்பினால்
இருநூற்று முப்பதை அதனாலேயே பெருக்கி
ஆயிரத்தால் வகுக்க
ஐம்பத்து மூன்றுக்கு ஒரு முடி குறைவு.
மீட்டரின் கை நடுக்கம் அவ்வளவு இருக்கும்.
ராடு பொய் சொல்லவில்லை.
கடைக்காரனும்.

சட்டையின் முதல் பொத்தானைக் கழற்றினான் எபிநேசர்.

பிறகுதான் பெருக்கினேன்.
அறுநூற்று நாற்பத்து நான்கு வாட்.

"மிச்சம் முன்னூத்தம்பத்தாறு எங்க?"
திருடனைத் தேடுகிறவன் மாதிரி
வெளியே லேத்துப் பட்டறையைப் பார்த்தான்,
அடுத்த தெரு வெல்டிங் வெளிச்சத்தைப் பார்த்தான்.
நம்மிடமிருந்து யாரும் எடுக்கவில்லை,
இங்கே வந்தே சேரவில்லை.
வோல்ட் இளைத்தால் ஆம்பியரும் கூடவே இளைக்கும்.
ஐந்தில் ஒரு பங்குதான் குறைந்தது,
சூட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது.
ராடின் தடை மட்டும் அப்படியே இருக்கிறது,
பிடிவாதக்காரி.

"அப்போ பில்லு கம்மியா வரணுமே?"
வராது. பக்கெட்டுக்கு ஆகிற யூனிட் அதேதான்.
பதினெட்டு நிமிஷ வேலை
இருபத்தெட்டு நிமிஷமாக இழுக்கிறது.
வீட்டுக்காரரின் சப் மீட்டரில் அந்தப் பத்து நிமிஷம் ஏறாது.
யார் மீட்டரிலும் ஏறாது.

அதில் ஏழு நிமிஷம் குழந்தை அழுதது.
மூன்று நிமிஷம் எபிநேசர் தோளில் போட்டு நடந்தான்,
கதவிலிருந்து சுவர் ஆறடி,
சுவரிலிருந்து கதவு ஆறடி.

இரவு ஒன்றே முக்கால்.
பட்டறைகள் அடங்கி, என் ஃபேன் திடீரென்று வேகமெடுத்தது.
சுவரை யாரோ தட்டினார்கள்.
"அக்கா, முழிச்சினு இருக்கியா?
இப்போ எவ்ளோ காட்டுது?"

இருட்டிலேயே பிளக்கில் வைத்துப் பார்த்தேன்.
"இருநூத்தி இருபத்தெட்டுடி. போடு."