அறுபத்து மூன்றாவது செக்டர்

செந்தூலில், ரயில் பணிமனைச் சுவருக்குப் பின்னால்
கோமளவல்லியின் டயர் கடை.
தூக்கியில் ஒரு மைவி, நாலு சக்கரமும் அந்தரத்தில்.
காருக்குச் சொந்தக்காரன் ஃபைசால், கிராப் ஓட்டுகிறவன்,
பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தலையை நீட்டி
"போலே கே, காக்?" என்கிறான்.
போலே, போலே என்கிறேன்.
எனக்கே தெரியாது.

சக்கரக் கோணம் பார்க்கும் இயந்திரத்துக்கு
எக்ஸ்பி தவிர வேறு பாஷை புரியாது.
செய்த கம்பெனியை மூடியாயிற்று.
பழைய டிஸ்க் நேற்று
பல்லி மாதிரி நாலு தடவை சொல்லிவிட்டு அடங்கிவிட்டது.
லோயாட்டில் நூற்றுப் பத்து ரிங்கிட்டுக்கு
எஸ்எஸ்டி வாங்கி வந்தேன்.
"இதுக்குள்ள ஒண்ணுமே சுத்தாதா?" என்றார் கோமளவல்லி,
சுற்றுவதை மட்டுமே நம்பிப் பிழைக்கிறவர்.

பதினொன்று பத்துக்கு முதல் நீலத்திரை.
ஆறு பூஜ்யம், அப்புறம் ஏழு, பி.
டிஸ்க் இருக்கிறது, கேபிள் இருக்கிறது,
எக்ஸ்பியின் கண்ணுக்குத்தான் இல்லை.
அது பிறந்த வருஷத்தில் ஏஎச்சிஐ பிறக்கவில்லை.
வேண்டுமானால் எஃப் ஆறை அழுத்து,
டிரைவரை ஃப்ளாப்பியில் கொடு என்கிறது.
ஃப்ளாப்பி!
கோமளவல்லி மேசை டிராயரை இழுத்து நிஜமாகவே தேடினார்:
ஸ்பார்க் பிளக், பாதி அட்டை பனடால்,
யாரோ விட்டுப்போன ஒற்றைக் காதணி.

பயாஸுக்குள் போய் ஐடிஇ என்று மாற்றினேன்.
பொய்தான்.
எக்ஸ்பி கேள்வி கேட்காமல் நம்பியது,
கோப்புகளை வரிசையாக இறக்கியது,
தானே அணைந்து தானே எழுந்தது,

எழுந்து,
கறுப்புத் திரையில் இடது மூலையில்
ஒரு சின்னக் கோடு,
மினுக்,
மினுக்.

நீலத்திரையாவது திட்டும்.
இது ஒன்றும் சொல்லாது.

மழை தகரத்தில் இறங்கியது. தேத்தாரே ஆறியது.
காலையில் என்ன செய்தேன் என்று விரல்விட்டு எண்ணினேன்.
பகிர்வை என் லேப்டாப்பில் நானே வெட்டினேன்,
இரண்டாயிரத்து நாற்பத்தெட்டாவது செக்டரிலிருந்து.
எக்ஸ்பியிடம் விட்டால் அறுபத்து மூன்றில் ஆரம்பிக்கும்,
புது டிஸ்க்கின் கட்டங்களுக்கு அது ஒரு மயிரிழை விலகல்,
ஒவ்வொரு எழுத்தும் இரண்டு கட்டத்தில் கால் வைக்கும்.
"டோ-அவுட்டு" என்றார் கோமளவல்லி உடனே.
"வண்டி ஓடும். ஓரத்த தின்னுக்கிட்டே ஓடும்."
இருபது வருஷமாக இதை விளக்க
நான் படம் வரைந்துகொண்டிருக்கிறேன்.

அப்போதுதான் உறைத்தது.
கோணம் பார்த்துப் பார்த்து வெட்டினேனே,
அதை ஆக்டிவ் என்று குறித்தேனா?
வீட்டைக் கட்டிவிட்டுக்
கதவிலக்கம் போடாத கதை.
ஒரு வார்த்தை அடித்தேன். என்டர்.
கோடு மறைந்தது.

இன்னும் முப்பத்தொன்பது நிமிடம் என்றது திரை,
அது எந்தக் கணக்கோ, பதினெட்டில் முடிந்தது.
பேட்டரியும் மாற்றினேன், தேதியையும் திருத்தினேன்,
இன்றைய நாள், இன்றைய வருஷம், பெருமையோடு.
மென்பொருள் திறந்தது.
உரிமம் இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் முடிந்தது,
வணக்கம், என்று மூடிக்கொண்டது.

ஃபைசால் தலையை நீட்டினான்.
நான் அவன் பக்கம் திரும்பவில்லை.

"பழைய டப்பாவுல எப்பவும்
ரெண்டாயிரத்து ஒன்பதுதானே காட்டும்" என்றார் கோமளவல்லி,
நட்டு முடுக்கிக்கொண்டே, யாருக்கோ சொல்வதுபோல.
திருத்தியதைத் திருத்தினேன்.
பதினான்கு, மார்ச், இரண்டாயிரத்து ஒன்பது.
இயந்திரம் நாலு சக்கரத்தையும் ஒரே பார்வையில் பார்த்தது.

காகிதம் வந்தது. முன் இடது, பூஜ்யம் புள்ளி பூஜ்யம் இரண்டு.
ஃபைசால் தேதியைப் பார்த்துச் சிரித்தான்:
அன்றைக்கு அவன் இரண்டாம் படிவமாம்,
லைசென்சே கிடையாதாம்.
கோமளவல்லி காகிதத்தை வாங்கி
தேதியை பேனாவால் அடித்து, மேலே இன்றையதை எழுதி,
கடை முத்திரையை
இரண்டு தரம் குத்தினார். முதல் தரம் மை பிடிக்கவில்லை.