உறை

மாத்திரையை நாலாய் வெட்டணும்.
பிளேடு சறுக்கினால்
ஒரு துண்டு பெருசு, ஒரு துண்டு சிறுசு.
எதைக் கொடுப்பது என்று
ராத்திரி எட்டரை மணிக்கு நான் படும் பாடு
பாலக்கோட்டில் இன்னொருத்திக்கு வேண்டாம்.

மாதேஷுக்கு அப்போது பதினோரு மாதம்.
பெங்களூரில் நெஞ்சைத் திறந்து மூடினார்கள்.
மூடியும் ரத்தம் நிற்கவில்லை.
விலாவிலிருந்து ஒரு குழாய்,
குழாய் முடிகிற இடத்தில் கோடு போட்ட பெட்டி.
மணிக்கொரு தரம் நர்ஸ் குனிந்து பார்த்து எழுதுவாள்.
நாற்பது.
முப்பத்தெட்டு.
நாற்பத்தொன்று.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று
அவள் உதட்டில் எண்ணைப் படித்தேன்.
சொசைட்டியில் பால் ஊற்றுகிறவள் நான்,
எந்த அளவையும் அப்படிப் பார்த்ததில்லை.

யார் யாரோ கொடுத்த ரத்தம் பை பையாய் ஏறி
விடியும்போது எண் ஒன்பதுக்கு இறங்கியது.
கையெடுத்துக் கும்பிட்டேன்.
டாக்டர் கும்பிட விடவில்லை.
"இனிமே உறையக் கூடாதும்மா.
உள்ளே வச்ச வால்வுல ஒரு பொட்டு உறைஞ்சாலும்..."
மீதியை அவர் கன்னடத்தில்கூடச் சொல்லவில்லை.

ராத்திரி முழுக்க உறை, உறை என்று வேண்டியவள்
காலையில் உறையாதே என்றேன்.
எந்தச் சாமிக்குத்தான் குழம்பாது?

மாதம் ஒரு தடவை தர்மபுரி பெரியாஸ்பத்திரி.
ரெண்டரை வந்தால் பஸ்ஸில் தூங்கிவிடுவேன்.
ஒன்றரை என்றால் ஒரு பயம்,
நாலு என்றால் வேறு பயம்.
முருங்கைக்கீரையைக்கூட
எண்ணித்தான் உருவுகிறேன்.

போன வியாழன் ஸ்கூலிலிருந்து போன்.
"பால்பல்லு விழுந்துருச்சுங்க."
கோகிலவாணி டீச்சர் குரல் பல்லைவிட ஆடியது.
போய்ப் பார்த்தால்
வாய் நிறையப் பஞ்சு, அதோடு சிரிப்பு,
உள்ளங்கையில் அரிசி மாதிரி அந்தப் பல்.

அழுத்திப் பிடித்தேன் பத்து நிமிஷம்.
எடுத்தால் கசிவு.
மறுபடி பத்து.
நீள மணி அடித்துப் பிள்ளைகள் கலைந்தார்கள்.
மறுபடி.
கேட் பூட்ட வந்தவர் சாவியோடு நின்றார்.

நாற்பதாவது நிமிஷம்
ஈறுக் குழியில் கருஞ்சிவப்பாய் ஒரு பொட்டு,
அப்போதுதான் தோய்ந்த தயிர் போல
நடுங்கிக்கொண்டு, ஆனால் இருந்தது.
பெங்களூருக்குப் போன் போட்டேன்.
"மாத்திரையை நிறுத்திடாதீங்க" என்றார்கள்.

வீட்டில் பால் காய்ச்சி, ஆறவிட்டு
ஒரு சொட்டு மோர் விட்டேன்.
"உறை ஊத்திட்டியாம்மா?"
"ஊத்திட்டேன். ஆட்டாதே.
நாக்கையும் அங்கே கொண்டுபோகாதே."

மணி எட்டரை.
பிளேடு எங்கே வைத்தேன்?