ஒரு விரலால்

நாலு வருஷமாக உள்ளங்கையால்தான் காட்டிவந்தேன்.
வேட்டிக்கு மேலே, பொத்தினாற்போல்,
இங்கே டாக்டர், இந்தப் பக்கம் பூராவும்.
வலங்கைமானில் காட்டினேன். கும்பகோணத்தில் காட்டினேன்.
குடலிறக்கத்துக்கு வைத்த வலை நன்றாகத்தான் இருக்கிறது என்றார்கள்.
வலை நன்றாக இருந்தது.
நான்தான் மாட்டிக்கொண்டிருந்தேன்.

கேட்டவர்களிடம் இடுப்புவலி என்று சொல்லிவைத்தாள் செங்கமலம்.
லீவு கடிதத்தில் மூட்டு என்று எழுதினேன்.
டீக்கடையில் எதுவும் சொல்லவில்லை,
பெஞ்சில் ஒருக்களித்து உட்கார்ந்தேன், அவ்வளவே.
வீட்டுக்கும் ரெகுலேட்டருக்கும் நடுவே பதினேழு வேகத்தடை.
பதினேழுக்கும் வண்டி சீட்டிலிருந்து எழுந்து நின்றேன்,
எதிரே சாமி புறப்பாடு வருகிற மாதிரி.

தஞ்சாவூரில், மருத்துவக் கல்லூரிச் சாலையில்,
டாக்டர் ரெஜினா கையை எடுக்கச் சொன்னார்.
"ஒரு விரலால காட்டுங்க."
எனக்குத் தெரியவில்லை.
சுட்டுவிரல் தழும்போரமாகப் போயிற்று, திரும்பிற்று,
இடுப்பெலும்புக்கு இரண்டு அங்குலம் உள்ளே
நின்றது.
அங்கே பேனாவால் ஒரு புள்ளி வைத்தார்.

ஜெல் மார்கழித் தண்ணீராய்ச் சில்லென்றது.
திரையை என் பக்கம் திருப்பினார்.
மூணு அடுக்குச் சதை;
துடிக்கிற சின்ன ரத்தக்குழாய்;
நடு அடுக்குக்கும் அடி அடுக்குக்கும் இடையில்
பாசிப்பயறு அளவில் ஒன்று, மங்கலாக.
"இதான் நரம்பு. நுனி உங்க வலையில ஒட்டிக் கெடக்குன்னு நினைக்கிறேன்."

நான் லஸ்கர். இருபத்தாறு வருஷமாய்
ஷட்டர் ஏற்றி இறக்குகிறவன்.
துருப்பிடித்த திருகோடு மல்லுக்கட்டிய ஓர் ஆடியில்தான்
எனக்குள்ளே ஏதோ இறங்கியது.
கடைமடை காய்ந்தால் கடைமடையை வெட்டிப் பயனில்லை,
மேலே எந்த மதகு என்று பார்க்கணும்:
இதைச் சொல்ல வாயெடுத்தேன்.
"பேசாதீங்க, வயிறு அசையுது" என்றார்.

ஊசி வெள்ளைக் கோடாய்த் திரைக்குள் வந்தது.
மருந்து இறங்க இறங்க
ஒட்டிக்கிடந்த அடுக்குகள் விலகிக்கொடுத்தன.
நடுவில் கறுப்பாய் ஒரு குட்டை,
அந்தப் பயறு அதில் மிதந்தது.

"இது சோதனைதான். ஏழெட்டு மணி நேரம் வலி விட்டா
இந்த நரம்புதான். அப்புறம் சூடு வச்சு அடக்கலாம்.
விடலைன்னா வேற தேடணும்.
மணிக்கு மணி, பத்துக்கு எவ்வளவுன்னு எழுதிட்டு வாங்க."

தினம் நீர்மட்டம் பார்த்து எழுதுகிற கைதான்.
ஒரு மணி: இரண்டு.
இரண்டு மணி: ஒன்று.
மூணு மணிக்கு அய்யம்பேட்டை தாண்டி பஸ் தூக்கிப்போட்டது.
நான் எழுந்து நிற்கவில்லை.
செங்கமலம் திரும்பிப் பார்த்தாள்.
சைபர் என்று எழுதினேன்.
பேனா அந்தச் சைபரை இன்னொரு முறை சுற்றிவந்தது.

வீட்டில் குத்துக்காலிட்டுப் பார்த்தேன்.
வேண்டுமென்றே இருமிப் பார்த்தேன்.
நாலு வருஷமாய்ச் சுவரைப் பார்த்துப் படுத்தவன்
இந்தப் பக்கம் திரும்பிப் படுத்தேன்.
அவள் தூங்கவில்லை.

ஒன்பதரைக்கு வலி வந்தது,
தெரிந்த ஆள் கதவு தட்டுகிற மாதிரி.
ஒன்பதரை: மூன்று. பத்தரை: ஆறு.
கோபம் வரவில்லை. விரலால் தொட்டேன்,
புள்ளி அழியாமல்தான் இருந்தது.

தாளில் எட்டு மணிக்கு எதிரே மட்டும் ஒன்றுமில்லை.
டாக்டர் கேட்டால்
தூங்கிவிட்டேன் என்பேன்.