பழுதின் காரணம்

தேர்தல் முடிந்து பதினோராம் நாள்
மூலைக்கரைப்பட்டி ஸ்டேஷனில்
ரசீதைக் கொடுத்து மீட்ட ரிவால்வரை
ஜவுளிக்கடைப் பையில் போட்டு
பாளையங்கோட்டைக்கு பஸ்ஸில் கொண்டுவந்தார்
உச்சிமாகாளி.

"சுட்டா சுடுதுவே.
கூடுதான் வெளிய வரமாட்டேங்கு.
குச்சிய வச்சுக் குத்தி
ஒவ்வொண்ணாப் பிடுங்க வேண்டியிருக்கு."

லைசென்ஸ் புத்தகத்தைப் புரட்டினேன்.
பாயிண்ட் இருபத்திரண்டு,
விளிம்பில் அடிவாங்கி வெடிக்கும் ரகம்.
மூன்று வருஷத்தில் செலவான தோட்டா எட்டு.

எட்டுக்கு என்ன கரி படியும்?
ஆனாலும் வழக்கத்தை விடவில்லை.
இரவெல்லாம் எண்ணெயில் ஊறப்போட்டு
காலையில் வெண்கல பிரஷ்ஷால் துலக்கினேன்.
மூன்றாம் இழுப்பிலேயே
வெள்ளைத் துணி வெள்ளையாக வந்தது.

டார்ச்சைச் சாய்த்து, லென்ஸை மாட்டிப் பார்த்தேன்.
எட்டு அறைகளின் வாயிலும்
பன்னிரண்டு மணி இருக்கவேண்டிய இடத்தில்
ஒரு சின்னப் பள்ளம்.
பள்ளத்தில் ஒதுங்கிய இரும்பு
உள்பக்கம் மேடாக நிற்கிறது,
கொசுவின் முழங்கால் அளவு.
வெடிக்கையில் உப்புகிற பித்தளை
அந்த மேட்டைக் கட்டிப்பிடிக்கிறது.
பிறகு விடுவதில்லை.

தோட்டா இருந்தால் இந்தப் பள்ளம் விழாது,
அடியை அது வாங்கிக்கொள்ளும்.
வெறும் அறையில் விசையை இழுத்தால்தான்
ஊசி போய் இரும்பில் முட்டும்.
ஒன்றிரண்டு தடவையில் இவ்வளவு ஆகாது.
ஆயிரம் இருக்கும். கூடவும் இருக்கலாம்.

எனக்கு பயமாகிவிட்டது.
ராத்திரி தனியாக உட்கார்ந்து
காலித் துப்பாக்கியை இழுக்கிறவர்கள்
ஒருவர் இருவரை இந்தக் கடை பார்த்திருக்கிறது.
எப்படித் தொடங்குவதென்று
பில் புக்கைத் தடவிக்கொண்டிருந்தேன்.

"வீட்ல எல்லாரும் சௌக்கியமா?"
"சௌக்கியம்."
"தூக்கம்?"
"படுத்தா வந்துரும்."
"காலியா வச்சு இழுப்பீங்களோ?"

அவர் தெருவைப் பார்த்தார்.
கரும்புச்சாறு வண்டி ஒன்று
முழுசாகக் கடந்துபோனது.

"மயிலுவே" என்றார்.
"விடியக்காலம் முப்பது நாப்பது எறங்குது.
மொளச்ச கடலைய நோண்டித் திங்கு.
தகரத்தத் தட்டினா நின்னு கேக்கு.
சுட்டா ஜெயிலு.
வரப்புல உக்காந்து
ஒவ்வொண்ணா குறி பாத்து, டிக்.
கழுத்துல டிக். நெஞ்சுல டிக்.
அதுக அசையாது.
எனக்குக் கொஞ்சம் ஆறும்.
என் கணக்குக்கு ஊர்ல
ஒரு மயிலு பாக்கி இல்ல பாத்துக்கிடுங்க."

அரம் போடக் கூடாது இதற்கு.
ராவினால் அறை அகலும், கூடு கிழியும்.
கூம்பிய எஃகுத் தண்டில் எண்ணெய் தடவி
வாய்க்குள் நுழைத்து, அழுத்தி, மெல்லத் திருக வேண்டும்.
இரும்பில் ஒரு பொடிகூட எடுப்பதில்லை.
ஒதுங்கிவந்ததை
பழைய இடத்துக்கே போகச் சொல்வது.
ஆறாவது அறையில் மணிக்கட்டு விட்டுப்போனது.
டீ குடித்துவிட்டு மீதி இரண்டு.

மறுநாள் ரைபிள் கிளப்பில்
எட்டையும் சுட்டுவிட்டுக் கம்பியை அழுத்தினேன்,
ஒற்றை விரலால்.
கடலைத் தொலி மாதிரி உதிர்ந்தன.

எதிர்த்த ஹார்டுவேர் கடையில்
சுவரில் ஸ்க்ரூவுக்கு முன்னால் சொருகும்
பிளாஸ்டிக் பிளக் எட்டு வாங்கி
அளவு பார்த்துக் கையில் கொடுத்தேன்.
"இனி இதைப் போட்டு இழுங்க.
ஊசி இரும்பைத் தொடாது."
"சத்தம் வருமா?"
"கொஞ்சம் குறையும்."
யோசித்தார். சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

ரெஜிஸ்டரில் ஐந்தாவது கட்டம்,
பழுதின் காரணம்.
துரு என்று எழுதியிருக்கலாம்,
இன்ஸ்பெக்ஷனில் யாரும் கேட்க மாட்டார்கள்.
மயில் என்று எழுதிக் கையெழுத்து வாங்கினேன்.

படி இறங்கியவர் திரும்பிச் சொன்னார்:
"கடல பறிச்சா ஒரு படி கொண்டாரேன்.
பாக்கி வச்சா."