மேலும் மூன்று மாதங்கள்

ஜெனோவாவில் தெருக்கள் செங்குத்து.
பஸ்ஸுக்கு வாங்குவதுபோல் டிக்கெட் வாங்கி
லிஃப்டில் ஏறித்தான் சிலர் வீடு போகிறார்கள்.
குழந்தைவண்டி எதிரே வந்தால் திரும்பிப் பார்ப்போம்,
சக்கர நாற்காலி வந்தால்
வழிவிடுவோம், அவ்வளவுதான்.

தொழிற்சங்க அலுவலகத்தில் எனக்கு மூன்றாம் மேசை.
ஓய்வூதியம் எப்போது வரும் என்று பார்த்துச் சொல்லும் வேலை.
ஜோசியம் மாதிரி கட்டங்கள் உண்டு.
பரிகாரம் கிடையாது.

செவ்வாய்க்கிழமை ஸோய்லா வந்தாள்.
குவயாகிலில் பிறந்தவள்,
கையில் கிருமிநாசினி வாசனை, அதற்கடியில் பூண்டு.
பதினாறு வருடமாக ஓரெஸ்தேயைப் பார்த்துக்கொள்கிறாள்.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர், வயது தொண்ணூற்று நாலு.
பார்த்துக்கொள்வது என்றால்
இரவு இரண்டு மணிக்குப் புரட்டிப் படுக்கவைப்பது,
உப்பை ஒளித்துவைப்பது,
அவர் திட்டினால் ஸ்பானிய மொழியில் திருப்பித் திட்டுவது.

பணம் போகும் வழியை ஒரு தாளில் வரைந்து காட்டினேன்.
அரசு அவருக்குத் தரும் ஓய்வூதியம்,
அதோடு கிரேன் காலத்துச் சேமிப்பையும் சுரண்டி
அவளுக்குச் சம்பளம்,
சம்பளத்தோடு காலாண்டுக்கொரு முறை கட்டும் சந்தா,
சந்தா போய் விழும் பானை,
பானையிலிருந்து மறுபடி அவருக்கு.
அம்பு கிளம்பிய இடத்துக்கே வந்து நின்றது.
"அப்போ எனக்கு?"
உனக்கு இனிமேல் பிறப்பவர்கள் கட்டுவார்கள்
என்று சொல்ல வாயெடுத்தேன்.
ஜன்னலுக்கு எதிரே, போன வருடம் மூடிய பள்ளிக்கூடம்.
சொல்லவில்லை.

ஆயிரத்து நாற்பது வாரம் வேண்டும்.
அவளிடம் எண்ணூற்றுப் பன்னிரண்டு.
முதல் நாலு வருடம் வேலை கொடுத்த இடாலினா அம்மாள்
காசைக் கையில் கொடுத்தாள், கணக்கில் காட்டவில்லை.
சாட்சி கேட்டால்
ஸ்தாலியெனோ கல்லறைக்குத்தான் போகவேண்டும்.

"வயது அறுபத்தேழு என்றீர்களே, இதென்ன கூட?"
மூன்று மாதம் ஏறியிருக்கிறது, என்றேன்.
ஜனங்கள் அதிக நாள் வாழ்கிறார்கள்;
ஆயுள் நீண்டால் இதுவும் நகரும்.
"எந்த ஜனங்கள்?"

பேனாவை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள்.
கணக்குப் போடுவாள் என்று நினைத்தேன்,
தாளில் ஒரு புள்ளி மட்டும் வைத்தாள்.
"அவரை நான் நன்றாகப் பார்த்துக்கொண்டால்
என் ஓய்வு தள்ளிப்போகும். அப்படித்தானே?"

ஒருவரால் ஒன்றும் ஆகாது ஸோய்லா,
அது சராசரி.

"என்னைப்போல் எத்தனை பேர்
அந்தச் சராசரியைத் தினமும் குளிப்பாட்டுகிறோம் தெரியுமா?"

சிரித்தாள். நானும் சிரித்திருக்கலாம்,
அதற்குள் அவள் பைக்குள் அலாரம் அடித்தது.
பன்னிரண்டு மணி, ரத்தக்கொதிப்பு மாத்திரை.
ஒரு வேளை தாமதித்தால் என்ன என்று
நான்தான் நினைத்தேன், அவள் இல்லை.
லிஃப்ட் டிக்கெட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு
கோட்டில் கை நுழைத்தாள்.

கதவருகே நின்று கேட்டாள்:
"அந்த மூன்று மாதம்
கோடையில் வருகிறதா, குளிரிலா?"

நாள்காட்டியைப் புரட்டினேன்.
குளிரில்.