கனகராயன் ஆற்றின் விடுபட்ட பக்கம்

ஆற்றுக்கு இருபத்தொரு எதிர்காலம் இருக்கிறது
என் மடிக்கணினியில்.
எல்லாம் ஒரே இடத்தில் புறப்பட்டு
2040க்குப் பிறகு
கட்டவிழ்ந்த வைக்கோலாய்ப் பிரிகின்றன.
ஒன்றில், இரணைமடு ஐப்பசி முடியமுன் வான் பாய்கிறது.
இன்னொன்றில், தை பிறந்தும்
துருசுக்கு மேலே ஒன்றரை அடி.
இரண்டுக்கும் ஒரே மழைதான், வருடக் கணக்கில்.
முன்னது நாலு நாளில் கொட்டித் தீர்க்கிறது,
பின்னது நாற்பது நாளாய்
நிலம் குடிக்கக் குடிக்கத் தூறுகிறது.

மாதிரிக்கு முதலில் பழசைப் பழக்க வேண்டும்.
திணைக்களத்தில் கேட்டேன்.
கிருபாமூர்த்தி தூசி தட்டித் தந்த பதிவேட்டில்
காலை ஆறு, மாலை ஆறு,
நீலமையில் அடியும் அங்குலமும்,
பிறகு ஒரு கார்த்திகையில் பாதி வரி,
அதன் பிறகு வெள்ளைத்தாள்.
"அளக்கிறவர் எங்கே?"
"அளக்கிற பலகையே இல்லை" என்றார்.

அந்த வருடங்களிலும் ஆறு ஓடியிருக்கிறது.
சனம் அதைக் கடந்திருக்கிறது.
இடுப்பளவா, கழுத்தளவா,
பதிவில்லை.
வெற்றுக் கட்டங்களில்
-99 என்று போடுவது எங்கள் வழக்கம்.
மென்பொருள் அதைப் பார்த்ததும்
பக்கத்து ஆற்றின் கணக்கால் நிரப்பிவிடும்.
கோடு இடறாமல் போகும்.
போகவிட்டிருக்கலாம்.

புஸ்பகாந்திக்கு என் வயதுதான்.
வாய்க்காலின் கடைசியில் இரண்டு ஏக்கர்.
தண்ணீர் அவளிடம் வந்து சேரும்போது களைத்திருக்கும்.
மாட்டுக்கொட்டிலின் குறுக்குப் பலகையில்
வெள்ளைச் சாயத்தில் இலக்கங்கள்: 7, 8, 9.
"திரும்பி வந்தாப் பிறகு ஆத்தங்கரையில எடுத்தது.
உங்கட சாமானோ?
அப்ப நாங்கள் மேலை, மருதமரத்தடியில
கொட்டில் போட்டிருந்தனாங்கள்.
கடைசியா வெளிக்கிட முந்தின மாரி.
தண்ணி நிண்ட இடத்தில மரத்தில ஆணி அடிச்சனான்,
தம்பி வந்தால் காட்ட."

தம்பியைப் பற்றி நான் கேட்கவில்லை.
மோட்டார் சைக்கிளில் போனோம். மட்டக்கோலை அவள் பிடித்தாள்.
ஆணியின் தலையை மரம் பாதி விழுங்கியிருந்தது.
எட்டடி மூன்றங்குலம்,
ஒரு சாண் முன்பின்.

அன்றிரவு வெள்ளை நடுவே ஒரு புள்ளி வைத்தேன்.
மாதிரியை மறுபடி ஓடவிட்டேன், விடியும்வரை.
இருபத்தொரு கோடுகளும்
ஒரு நூல்கூட நெருங்கவில்லை.

சிறுபோகக் கூட்டம். கச்சேரி மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம்.
"எத்தனை ஏக்கர் விதைக்கலாம், அதைச் சொல்லுங்கோ"
என்றார் அருளம்பலம், கமக்காரர் அமைப்புத் தலைவர்.
இவ்வளவுக்கும் இவ்வளவுக்கும் இடையில் என்றேன்.
செயலாளரின் படிவத்தில் ஒரு கட்டம்தான் இருந்தது.
நடுவில் ஒன்றை எழுதிக்கொண்டார்.

வெளியே சைக்கிளைத் திருப்பி நிறுத்தியபடி
புஸ்பகாந்தி.
படத்தைக் காட்டச் சொன்னாள்.
திரையில் வெயில். கையை மறைப்பாய் வைத்துக் குனிந்தாள்.
"என்ர ஆணி எங்க?"
காட்டினேன்.
அங்கிருந்து விரலை வலப்பக்கம் இழுத்துக்கொண்டே போய்
கோடுகள் பிரிகிற இடத்தில் நின்றாள்.
"இதில எது, கடைசி வாய்க்காலுக்கும் வாறது?"

பெரிதாக்கினேன்.
பெரிதாக்க, கோடுகளுக்கு இடையிலிருந்த வெள்ளையும்
பெரிதாகியது.